பஞ்சாங்க ஓரத்துப் பதினேழு புள்ளிகள்

மஹய்யாவ, கண்டி
1936

என் அன்பு மகள் ஈஸ்வரிக்கு,

மருமகள் என்று எழுதத் தொடங்கி, அந்தச் சொல்லை வெட்டிவிட்டேன். இது மூன்றாவது தாள்.

நாளை மறுநாள் உன் ஆண்டுத் திவசம். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது அச்சடிக்க வேண்டும், நினைவுப் பாட்டாகக் கல்வெட்டுப் பாடித் தாருங்கள் என்று உறவினர் கேட்டார்கள். எனக்கு வெண்பா வராது. அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் பதிவேடு எழுதியவனுக்கு நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரியும். அதிலும் ஒருமுறை நான் தவறினேன் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்களும் அறியட்டும் என்றுதான் உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன்.

கலியாணத்துக்கு முன் நீ தாதியாக இருந்தவள். இரண்டாவது பிள்ளைக்குப் பல் முளைத்த நேரம், குன்றின் மேலிருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் நோயாளர் உணவைக் கவனிக்கத் தற்காலிகமாக உன்னைக் கூப்பிட்டார்கள். மகன் ரயில்வேயில், வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. உன் மாமியும் உயிரோடு இல்லை. நீ என் முன்னால் வந்து நின்றாய்.

"மாமா, நீங்கள் ஓமெண்டால் போறன். பிள்ளையளை நீங்கள்தான் பாக்கவேணும்."

நான் ஓம் என்றேன். துணிவால் அல்ல, மறுக்கத் துணிவில்லாததால். அதையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

கோயிலில் ஒருத்தி உன் காதுபடவே என்னிடம் கேட்டாள்: "மருமகள் ஆஸ்பத்திரிக் குசினிக்குப் போறாவாமே. வீட்டுக் குசினி சிறிசாப் போச்சோ?"

நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். நீ சிரித்தாய். "ஓம் மாமி, அங்கை அறுபது பேருக்குச் சமைக்கிறம். ஒருநாள் வந்து உப்புப் பாருங்கோவன்."

அங்கே சுவரில் தொங்கிய உணவு அட்டவணை சீமையில் எழுதப்பட்டது. சீனி வருத்தம் என்னும் நீரிழிவுக்காரருக்கு ரொட்டிப் பாணைக் குறை, மாட்டிறைச்சிச் சூப்புக் கொடு, அவித்த முட்டைக்கோவா கொடு என்றிருக்கும். ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "இதக் குடிச்சுப் பொழைக்கிறதுக்குத் தோட்டத்துலயே கெடந்து செத்துப் போறேங்க மிஸி" என்றாராம். அன்று பின்னேரம் நீ சொன்னாய்: "சனம் இருக்கிறது இஞ்சை, பட்டியல் இருக்கிறது சீமையிலை. எப்பிடி மாமா சுகம் வரும்?"

அதன்பிறகு உன் வேலையைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். ஒரு கால் ஏணைக் கயிற்றை ஆட்டும். மடியில் தபாலில் வந்த தடித்த புத்தகம். கச்சேரியார் என் பிரியாவிடைக்குத் தந்த கடிதத் தராசில் குரக்கன் மாவும் பயறும் முருங்கையிலையும் நிறுப்பாய். மத்தியானம் பிள்ளைக்குப் பால் கொடுக்க மலையிறங்கி வந்து, வியர்வை உலருமுன் மறுபடி ஏறுவாய். ஒருநாளாவது நீ களைத்துப்போனதாகச் சொன்னாயா? அல்லது சொல்லி, நான்தான் கேட்காமல் விட்டேனா?

நம் ஊர்ச் சாப்பாட்டில் நீ புதிதாக ஒரு பட்டியல் எழுதினாய். பெரிய டாக்டர் நல்ல மனிதர், ஆனால் கண்டதைத்தான் நம்புவார். மூன்று மாதம் யாராவது ஒருவர் இதன்படி சாப்பிட்டுக் காட்டட்டும், பலித்தால் பட்டியல் சுவருக்கு ஏறும், உன் வேலையும் நிரந்தரமாகும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் தங்குவார் யாருமில்லை. எனக்கும் சீனி வருத்தம் இருந்தது. "என்னிலை பார், பிள்ளை" என்றேன். என் வாழ்வில் நானாக முன்வந்த ஒரே காரியம் அதுதான்.

காலைதோறும் நீ ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு என் சிறுநீரைச் சில துளி விட்டுச் சூடாக்குவாய். நீலம் மாறாவிட்டால் நல்லது. செங்கல் நிறமானால் சீனி. நிறத்தை நீ கொப்பியில் எழுத, நான் உண்டதை அதன் எதிரே எழுதுவேன்.

முதல் இரண்டு வாரம் நீலம். பிறகு அலவத்துகொடை சாலிஹ் நானா வந்தார். டவுனுக்குச் சாமான் கொண்டுவரும்போதெல்லாம் நம் படலையில் நின்று பேசிப்போகும் என் பழைய சிநேகிதர். கையில் வாழையிலைப் பொட்டலம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணந்தது.

"கிளாக்கர் ஐயா, ஊட்டுல கிண்டின தொதல். ஒரு துண்டு திண்டா மௌத்தாகுவீங்களா?"

"மருமகள் அறிஞ்சால் ஏசுவாள், நானா."

"அப்ப ரெண்டாத் தின்னுங்க. ஏச்சு ஒண்டுதானே."

தின்றேன். கொப்பியில் எழுதவில்லை. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை. என் பஞ்சாங்கத்தில் அன்றைய தேதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். நானா எந்தக் கிழமை வருவார் என்ற ஒழுங்கில்லை. புள்ளிகள் பெருகின. மறுநாள் காலைகளில் குழாய் சிவந்தது. நீ என்னை ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை. உன் கணக்கைத்தான் சந்தேகித்தாய். இரண்டு தடவை எல்லாவற்றையும் புதிதாக நிறுத்தாய்.

மூன்றாம் மாத முடிவில் ஒரு பின்னேரம், நீ புத்தகங்களை அலுமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாய்.

"நாளைக்கு டாக்டரிட்டைச் சொல்லிப்போட்டு வேலையை விட்டு நிண்டிடுறன், மாமா. என்ரை பட்டியல் சரிவரேல்லை."

நான் என் அறைக்குப் போய்ப் பஞ்சாங்கத்தின் புள்ளிகளை எண்ணினேன்.

மறுநாள் உன் பின்னாலேயே மலையேறினேன், பஞ்சாங்கத்தைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு. டாக்டரின் மேசை முன்னால் போய் நின்றேன். "பட்டியலில் பிழையில்லை ஐயா, நான்தான் தொதல் தின்றேன்" என்று பஞ்சாங்கத்தை விரித்தேன்.

நீ ஏசவில்லை. பேனாவை எடுத்தாய். "எத்தனை துண்டு, மாமா?"

"ரெண்டு."

"மாமா."

"மூண்டு."

டாக்டர் புள்ளித் தேதிகளை வாசிக்க, நீ மறுநாள் நிறத்தைச் சொன்னாய். பதினேழு புள்ளி, பதினேழு சிவப்பு. முதல் வாரங்களிலிருந்து கடைசிவரை மற்ற நாளெல்லாம் நீலம். டாக்டர் முதலில் பஞ்சாங்கத்தையும் பிறகு என்னையும் பார்த்துச் சிரித்தார். இதைவிட நல்ல சாட்சி தனக்கு வேண்டியதில்லை என்று சொல்லிப் பட்டியலில் கையெழுத்திட்டார்.

இறங்கி வரும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். "பிழை உங்களிலை மட்டும் இல்லை மாமா" என்றாய். "எதை விடேலாது எண்டு நான் முதலே உங்களிட்டைக் கேட்டிருக்கவேணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலிலும் உன் முதற்கேள்வி அதுதான். கள்ளமாகத் தின்பதைக் கேட்டறிந்து, அதில் ஒரு சிறு துண்டுக்கு இடம் விட்டு, அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்தாய். சனம் உன்னைச் 'சாப்பாட்டு மிஸி' என்றது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் முதுகு சற்று நிமிரும்.

மலேரியாக் காய்ச்சல் ஊரெல்லாம் படுத்திய காலத்தில் கிராமத்துக் கஞ்சிக் கொட்டில்களுக்கு நீ போனாய். போகாதே என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். அது பயமா, உன் மேலுள்ள மதிப்பா? இன்னும் தெரியவில்லை. காய்ச்சலோடு திரும்பியவள் எழும்பவேயில்லை.

இப்போதைய செய்தி: உன் பட்டியல் இன்னும் அந்தச் சுவரில்தான், நான் படியெடுத்துக் கொடுத்த என் எழுத்தில். உன் இடத்துக்குப் புதிதாக வந்த சிங்களத் தாதிப் பிள்ளை தன் பாஷையில் உன் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறாளாம். சின்னவன் பள்ளிக்கூடம் போகிறான். மூத்தவள் உன் தராசைத் தினமும் துடைக்கிறாள். "தாத்தா, இது ஏன் சும்மா இருக்குது?" என்று நேற்றுக் கேட்டாள். நீ போனபின் நான் விளக்கை ஏற்றவில்லை, கொப்பியைத் திறக்கவுமில்லை. என்ன தின்கிறேன் என்று கேட்கவும் ஆளில்லை. பஞ்சாங்கத்தில்கூடப் புள்ளி வைக்கவில்லை, மகளே.

இன்று காலை நானா வந்தார். பொட்டலத்தை நீட்டினார், பகிடி எதுவும் சொல்லவில்லை. ஒரு துண்டு எடுத்தேன். பிறகு உன் கொப்பியைத் திறந்து, நீ விட்ட இடத்துக்குக் கீழே எழுதினேன்: தொதல், ஒன்று.

நாளைக் காலை மூத்தவளை அருகில் இருத்தி விளக்கை ஏற்றுவேன். என்ன நிறம் வந்தாலும் அதையே எழுதுவேன். இனி ஓரத்தில் அல்ல, கொப்பியில்தான். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ஒன்றல்ல, ஒன்றரைத் துண்டு. திருத்திவிட்டேன்.

உன்னிடம் மட்டும் பொய் நிலைக்காத,
உன் மாமா