என் சணப்பு உனக்குக் களையா?

அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுத வரவில்லை.

நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில் என் வயலில் களைக்கொல்லி அடித்திருக்கிறாய். அது களை இல்லை. மடக்கி உழுது உரமாக்க நான் விதைத்த சணப்பு. "தங்கச்சி வயல் காடா கிடக்கு, நாலு பேர் சிரிக்கிறாங்க"ன்னு சொன்னாயாமே. உன்னை யார் கேட்டார்கள்?

மூன்று வருடம் மருந்து படாமல் காத்த மண். இயற்கை விவசாயச் சான்றிதழுக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. ஆய்வாளர் கருகிய செடியைப் பிடுங்கிப் பார்த்தார்.

"யாரும்மா அடிச்சது?"

"நான்தான் சார்."

இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னைக் காட்டினால், "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று அடுத்துக் கேட்பார். பதில் சொல்ல வாய் கூசியது.

வரப்பைத் தாண்டாதே.

இப்படிக்கு,
பக்கத்து வயல்காரி