டிசம்பர் முப்பது என்று ஒரு பில்

நவம்பர் 8, 2025, சனி

துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாட்மிண்டன் முடிந்து வந்த என் கணவர் நஞ்சப்பன் வாசலிலேயே அறிவித்தார்: வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடும் வேலையைச் சாய்ராமுக்குக் கொடுத்தாயிற்று. நான் மூன்று பேரிடம் விலை கேட்டு வைத்திருந்தேன். ஒருவன் இந்த மாதமே முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

"நம்ம பையன், ஸ்வர்ணா. கூட ஆடறவன். அவனுக்குக் குடுக்காம எப்படி?"

என்னைக் கேட்கவில்லை. சொன்னார், அவ்வளவுதான்.

ஹீட் பம்ப் போட்டால் அமெரிக்க அரசு தரும் வரிச் சலுகை இந்த வருடத்தோடு முடிகிறது. டிசம்பர் 31க்குள் பணம் கட்டினால் போதாது, மெஷினைப் பொருத்தி முடித்திருக்க வேண்டும். இரண்டு தடவை சொன்னேன். "அதெல்லாம் அவனுக்குத் தெரியும்."

டிசம்பர் 2

சாய்ராம் வரவில்லை. பர்மிட் தாமதமாம்.

டிசம்பர் 13

வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நான் கேட்டால் இவருக்குக் கோபம். "இது உன் லேப் இல்ல. அவனை ஆடிட் பண்ணாத."

டிசம்பர் 30

மெஷினைக் கொண்டுவந்து கராஜில் இறக்கிவிட்டுப் போனான். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. என் கார் வெளியே பனியில் நிற்கிறது.

ஜனவரி 9, 2026

இன்றுதான் வந்து பொருத்தி ஓடவிட்டான். வீடு கதகதப்பாக இருக்கிறது. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

ஜனவரி 24

பில் வந்தது. பொருத்திய தேதி — டிசம்பர் 30.

சாய்ராமைக் கூப்பிட்டேன். சிரிக்கிறான். "உங்களுக்காகத்தான் அண்ணி அப்படிப் போட்டேன். ரெண்டாயிரம் டாலர் சும்மாவா? யார் வந்து பாக்கப் போறா?"

எனக்காகவா? இரண்டு மாதம் இழுத்தடித்தவன் எனக்காகப் பொய் எழுதுகிறானா?

போன வருடம் எங்கள் லேபில் ருக்மிணி ஒரு டெஸ்ட்டுக்கு முந்தின நாள் தேதி போட்டாள். ஒரே ஒரு நாள். அவளை வேலையை விட்டு அனுப்பிய ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறது. அழுதுகொண்டே மேஜையைக் காலி செய்தாள். இப்போது இந்தப் பொய்த் தேதியை வைத்து வரிக் கணக்கில் நான் கையெழுத்துப் போட்டால் என்னை என்னவென்று சொல்வது?

பிப்ரவரி 15, ஞாயிறு

பெரிய சண்டை.

"எல்லாரும் பண்றதுதான். நீ என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா?"

"உங்களுக்கு சிட்டிசன்ஷிப் வந்தாச்சு. எனக்கு ஏப்ரல்லதான் இன்டர்வியூ. ரெண்டு பேரும் சேர்ந்து போடற ஜாயின்ட் ரிட்டர்ன்ல என் கையெழுத்தும் இருக்கும். ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப அந்த சலுகையை விட்டுட்டு ஃபைல் பண்ணலாம். நஷ்டம் போகட்டும்."

"பணமா மேட்டர்? அவனுக்குப் போன் பண்ணி என்னை அசிங்கப்படுத்திட்ட. கிளப்ல எல்லாருக்கும் தெரியும் இப்ப."

ஓ, இதுதானா! நண்பன் முன்னால் இவர் தலை குனியக் கூடாது. அதற்கு நான் பொய் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடம் இந்த மனுஷனோடு என்னத்தைக் குடும்பம் நடத்தினேன்?

மாடியிலிருந்து மகள் மாளவிகா கத்தினாள்: "கேன் யூ கைஸ் ஜஸ்ட் ஸ்டாப்?" கதவு அறைந்த சத்தம். பதினாறு வயசுக் குழந்தை. பாவம்.

மார்ச் 1

பேச்சு இல்லை. பால் தீர்ந்துபோனதைக்கூட மாளவிகா வழியாகத்தான் சொல்கிறார்.

மார்ச் 21

கடைசியாக ஒருமுறை கேட்டேன். உண்மையான தேதிப்படி, சலுகை கேட்காமல் அனுப்பலாம், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். முடியாது என்றார்.

"அப்ப நான் தனியா ஃபைல் பண்ணிக்கறேன்."

"பண்ணிக்கோ. இனிமே எல்லாத்தையும் தனியாவே பாத்துக்கோ."

தனியாக அனுப்பினேன். வரி கூடுதல்தான். தன்னுடையதில் அவர் என்ன எழுதினார் என்று கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.

ஏப்ரல் 5

கீழே பேஸ்மென்ட் அறைக்குத் தன் துணிகளை எடுத்துப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

நியூவார்க்கில் இன்டர்வியூ. தனியாகத்தான் டிரைவ் பண்ணிப் போனேன். வலது கையைத் தூக்கி, உண்மையையே சொல்வேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார் அந்த ஆபீசரம்மா. வரி பற்றிக் கேட்டார். ஏன் இந்த வருடம் தனியாக? எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"கணவரோடுதான் வாழ்கிறீர்களா?"



"ஒரே முகவரியில்" என்றேன்.

பாஸ் என்றார். வாழ்த்து சொன்னார். காருக்கு வந்து உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தேன். நஞ்சப்பன் பெயரைத் தாண்டி, மாளவிகாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்.