கிணற்றில் போட்ட பல்புகள்

பாகலூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அனிதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, ஜெர்மனியில் குளிர் கொஞ்சமாவது விட்டதா, காது மூடுகிற மாதிரி குல்லா போட்டுக்கொண்டு போகிறாயா. நாங்கள் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். உன் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, மாத்திரை போடுகிறோமே என்று லட்டுத் தின்கிறார், கேட்டால் என் மேல் பாய்கிறார். உன் தம்பி ஹரீஷ்குமாருக்கு இந்த மாதம் முழுக்க மூன்றாம் ஷிப்ட், பகலில் தூங்குகிறான், அவன் எழுந்துவிடக் கூடாது என்று அவன் பெண்டாட்டி சரிதா மிக்சி கூடப் போடுவதில்லை, அம்மியில் அரைக்கச் சொல்லி என் தோள்பட்டையை வாங்குகிறாள். இந்தக் காலத்தில் அம்மா ஏன் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் சரிதா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், உன் அப்பா எங்கே இருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் எதிரில் இதைச் சொல்ல முடியாது. எழுதி ஓசூர் தபால் ஆபீசில் நானே போய்ப் போடப் போகிறேன்.

நம் பழைய கிணற்றுத் தண்ணீர் விஷயம்தான். தண்ணீரைப் பரிசோதித்ததில் பாதரசம் இருக்கிறது என்று வந்ததைப் போனில் சொன்னோம். நீயும் மறுநாளே நீளமாக ஒரு மெசேஜ் போட்டிருந்தாய், ஹரீஷ் படித்துக் காட்டினான். பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். குண்டு பல்பு எரித்திருந்தால் அதற்கு வேண்டிய கரண்டுக்கு இன்னும் நிறைய நிலக்கரி எரித்திருப்பார்கள், அந்தப் புகையில் போகிற பாதரசம் நாம் மாற்றிய சி.எஃப்.எல். பல்புக்குள் இருப்பதை விட அதிகம், ஆகையால் மொத்தத்தில் நாம் செய்தது உலகத்துக்கு நல்லதுதான் என்று. படித்த பெண் சொல்கிறாய், தப்பாக இருக்காது. நல்லது நடந்ததை நானும்தான் கண்ணால் பார்த்தேன். சாமந்திச் செடி சீக்கிரம் மொட்டு வைக்காமல் உயரமாக வளரட்டும் என்று தோட்டம் முழுக்க நூறு வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு ராத்திரியில் எரித்தோமே, அப்போது டிரான்ஸ்பார்மர் எத்தனை முறை வெடித்தது, காலனி வீடுகளில் பல்பு மினுக்கட்டாம் பூச்சி மாதிரி எரியும், ஊரே நம்மைத் திட்டும். நீ பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சார்ட் எழுதி, அதை வீட்டுச் சுவரில் ஒட்டி, சோறு தின்னாமல் அடம் பிடித்து உன் அப்பாவை மாற்ற வைத்தாய். அந்தச் சுருட்டைக் குழல் பல்பு வந்த பிறகு டிரான்ஸ்பார்மர் ஒரு தடவை கூடப் போகவில்லை. காலனியிலும் வெளிச்சம் வந்தது, உன் சிநேகிதி மாதேஸ்வரி பிளஸ் டூ பாஸ் பண்ணினாள். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

ஆனால் அந்தப் புகை என்பது நாடு முழுக்கப் பரவி எல்லோர் தலையிலும் துளித்துளியாக விழுவது. இது அப்படி இல்லை, ஒரே இடத்தில் கிடக்கிறது. அதைப் போட்டது யார் என்றால் நான். பியூஸ் போன பல்புகளை என்ன செய்வது என்று நம் தோட்டத்து வேலையைப் பார்க்கிற மாதேஸ்வரி அப்பா கங்கப்பன் கேட்டபோது பழைய சாமான்காரன் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டான். வரப்பில் போட்டால் உடையும், பூப்பறிக்க வருகிற பெண்கள் எல்லாம் வெறுங்காலோடு வருகிறவர்கள், குத்திவிட்டால் யார் பதில் சொல்வது என்று நான்தான் யோசித்துப் பாழுங்கிணற்றைக் காட்டினேன். அப்போது அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, அடியில் பாறை வெடித்துக் கிடந்தது. எட்டு வருஷம் கூடை கூடையாகக் கொட்டினோம். ஒருத்தி காலில் ஒரு கண்ணாடி குத்தியதில்லை என்று நான் பெருமை வேறு பேசியிருக்கிறேன். பல்புக்குள் பாதரசம் இருக்கிறது என்று உன் சார்ட்டில் இல்லையே அனிதா. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, பதினாறு வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும். இல்லை, கொஞ்சம் குற்றம் சொல்கிறேன்தான், மனசில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தால் அதுவும் பொய்.

உனக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். அது தோட்டத்துக்குப் பாய்கிற தண்ணீர்தானே, வீட்டில் கேன் தண்ணீர்தானே குடிக்கிறீர்கள் என்று நீ கேட்டாய், உன் அப்பா ஆமாம் என்றார். நாம் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெய்த மழையில் அந்தக் கிணறு நிரம்பியபோது ஊரே வந்து பார்த்தது, பூசை போட்டோம். காலனிக் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது, அதுவும் அரை மணி நேரம். தோட்டத்துக்குப் போக மீதித் தண்ணீர் சும்மாதானே கிடக்கிறது, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் நான்தான். இருபது வீட்டுக்காரர்கள் அன்றிலிருந்து அதைத்தான் குடிக்கிறார்கள். பழைய பல்பை எல்லாம் என்ன செய்தீர்கள், இங்கே கடை வாசலில் அதைப் போட ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று நீ போனில் பேச்சுவாக்கில் கேட்டாயே, நான் சிரித்துக்கொண்டே கிணற்றில் போட்டோம் என்றேன், நீ பேச்சை நிறுத்திவிட்டாய், அதனால்தான் தண்ணீரைப் பரிசோதிக்க ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அதோடு போகவில்லை. கொசுவுக்கு நல்லது என்று உன் அப்பா கிணற்றில் மீன்குஞ்சு வாங்கி விட்டிருந்தார், அது கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. சேற்று வாடை அடிக்கிறது என்று சரிதா தொடமாட்டாள், நாங்கள் எப்போதாவது தின்போம். மாதேஸ்வரி இப்போது ஏழு மாதம். போன வருஷம் ஒன்று நான்காம் மாதத்தில் கலைந்துவிட்டது உனக்குத் தெரியும். இந்தத் தடவை கம்பெனி வேலையை விட்டுவிட்டு அம்மா வீட்டோடு இருக்கிறாள், அவள் புருஷன் வெங்கட்டும் இங்கிருந்துதான் வேலைக்குப் போய் வருகிறான். எதைத் தின்றாலும் வாந்தி, நம் கிணற்று மீன் குழம்பு மட்டும் வயிற்றில் நின்றது. வாயும் வயிறுமாக இருக்கிற பெண் ஆசைப்படுகிறாளே என்று வாரம் தவறாமல் ஒரு டப்பாவில் போட்டு அனுப்பினேன். ஓசூரில் தண்ணீரைப் பரிசோதித்துக் கொடுத்தவர் பெயர் சுபாஷ், நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். இருக்கலாம் என்று வைத்திருக்கிற அளவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, தண்ணீரை விட மீனில்தான் அது போய்ச் சேரும், கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது, குழந்தையின் மூளைக்குப் போகும் என்றார். யாராவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். முதலில் வாயை மூடு என்றார். வெளியே தெரிந்தால் பாகலூர் பூ முழுக்க விஷம் என்று பேசுவார்கள், நம் பூவை எவனும் தொடமாட்டான், கங்கப்பன் வீட்டார் போலீசுக்குப் போவார்கள் என்று அடுக்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்துவிட்டார், அவ்வளவுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வலை போட்டார். ஏன் என்று கேட்டேன். திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், இந்த ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்றார். நானே கழுவி, நானே குழம்பு வைத்து, என் கையால் டப்பாவை மூடி கங்கப்பனிடம் கொடுத்தேன் அனிதா. தெரிந்து கொடுத்தேன். இதை எழுதத்தான் இந்தக் கடுதாசி. மற்றதெல்லாம் தெரியாமல் செய்தது, இது ஒன்று தெரிந்து செய்தது.

பிறகு உன் அப்பா ஒரு யோசனை கண்டுபிடித்தார். கிணற்றில் நாய் விழுந்து செத்துவிட்டது, யாரும் தண்ணீர் எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். நான்கு நாள் யாரும் வரவில்லை. அந்த நான்கு நாளும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தார்கள். ஐந்தாம் நாள் கங்கப்பன் யாரிடமும் கேட்காமல் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நாயை எடுக்க இறங்கிவிட்டான், அந்த வயதில். நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்கும்போது மேலே ஏறி வந்து, உடம்பெல்லாம் சேறு, பல்லெல்லாம் அடித்துக்கொள்ள, உன் அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "மூணு தபா முங்கிப் பாத்துட்டேங்க, நாயி அகப்படலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றான். உன் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நாய் இல்லை என்று தெரிந்ததும் அன்றைக்குச் சாயங்காலமே எல்லோரும் குடத்தோடு வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மாதேஸ்வரி குடம் எடுத்துக்கொண்டு வந்து தண்ணீர் மொண்டாள். அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், பல்பு, தண்ணீர், மீன், செவ்வாய்க்கிழமை டப்பா வரைக்கும். உனக்கே தெரியும், சின்ன வயதில் இருந்து என்னிடமும் உன்னிடமும் அவள் கன்னடத்தில்தான் பேசுவாள், அவள் தமிழ் பேசினால் நீ கிண்டல் செய்வாய். அன்றைக்கு என்னிடம் தமிழில் பேசினாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போன வருசம் கலஞ்சது இதனாலங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "இது?" என்று வயிற்றில் கை வைத்தாள். அதுவும் தெரியவில்லை என்றேன். எழுந்து குடத்தைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு போனாள். கொட்டிவிட்டுப் போடி என்று சொல்ல வாயெடுத்தேன், கொட்டிவிட்டு எதை எடுத்துக்கொண்டு போவாள்.

அதற்குப் பிறகு செய்ததையும் கேள். எல்லா வீட்டிலும் நானே போய்ச் சொன்னேன், உன் அப்பா என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. லாரித் தண்ணீர் அனுப்பச் சொல்லிப் பஞ்சாயத்து ஆபீசில் மனு எழுதிக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டவர் கிணற்றில் எவனாவது பல்பைப் போடுவானா அம்மா என்று சிரித்தார். மாதேஸ்வரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்பது ஸ்கேனில் தெரியாது என்று சொல்லிவிட்டார்களாம். கிணற்றைத் தூர் வாரலாம் என்றால் அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது. தோட்டத்தில் கொட்டினால் செடிக்குப் போகும், ஏரிக்கரையில் கொட்டினால் இன்னொரு ஊருக்குப் போகும். ஹரீஷ் விசாரித்துப் பார்த்தான், இதையெல்லாம் வாங்கிச் சுத்தம் செய்கிற ஆள் ஓசூரில் இருக்கிறார், ஆனால் கம்பெனிகளிடம் டன் கணக்கில்தான் வாங்குவாராம், கிணற்றுச் சேறு வேண்டாமாம். நம் வீட்டுக் கேனில் ஒன்றைத் தினமும் மாதேஸ்வரிக்கு அனுப்புகிறேன். முதல் நாள் அனுப்பிய கேன் திறக்காமல் வாசலிலேயே இருந்தது, இப்போது எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற பத்தொன்பது வீட்டுக்காரர்கள் கிணற்றுக்குத்தான் வருகிறார்கள். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், திருடியது அவர்கள் என்பது மாதிரி. மீனை மட்டும் யாரும் தொடுவதில்லை.

இனிமேல் எனக்குக் கரி, புகை, உலகம் என்று எழுதாதே. உலகத்துக்கு நல்லது நடந்திருக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். நீ அங்கே யாராவது பெரிய டாக்டரைப் பார்த்து இரண்டே இரண்டு விஷயம் கேட்டு எழுது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று ஒன்று. போன வருஷம் போனது இதனால்தானா என்று ஒன்று. ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னால் அப்படியே எழுது, என் மனசு நோகுமே என்று பூசி மெழுகாதே. நேராக மாதேஸ்வரி போனுக்கே பேசுவதாக இருந்தாலும் பேசு, நீ கன்னடத்தில் பேசினால் எடுப்பாள் என்று நினைக்கிறேன். வருகிற புதன்கிழமை அவளுக்கு வளைகாப்பு. முதல் வளையல் நீங்கள்தான் போட வேண்டும் என்று போன மாதம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். இப்போது வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அங்கே மழை பெய்தால் நனையாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நூறு வயது நன்றாக இரு, உன் வீடு நிறைந்து இருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய். நான் தினமும் விளக்கு ஏற்றிக் கும்பிட நிற்கிறேன், மாதேஸ்வரி பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வருகிறது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று திரும்பி வந்துவிடுகிறேன். எனக்காக இல்லை, அவளுக்காக நீ கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
மு. வெள்ளையம்மா