மேல் வீட்டுச் சுத்தியலும் அப்பாவின் ரொட்டி மாவும்

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பா பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கும் அளவுக்குச் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அதேபோல நிம்மதியாகத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டை அவிழ்த்ததும் முதல் வேலையாக என் நரைமுடியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள்.

மேல் வீட்டுச் சத்தத்தோடு மல்லுக்கட்டாமல் வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று போனில் அழாத குறையாகச் சொன்னாய். எப்படியடி காலி பண்ணுவது? ராத்திரி வேலை முடிந்து அப்பா பேக்கரியிலிருந்து நடந்தே வந்துவிடுகிறார், என் தையல் மெஷினுக்கு இந்த வெளிச்சம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் அப்பா தூங்குவதும் பகலில், மேலே போட்டோவுக்கு ஃபிரேம் போடுகிறவர் ஆணி அடிப்பதும் பகலில். தூக்கக் கலக்கத்தில் மனுஷன் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. உன் வக்கீல் சிநேகிதி வரிசையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள், முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், கேட்காவிட்டால் வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், குடியிருப்பவரை நிம்மதியாக இருக்க விடுவது அவர் பொறுப்பு, அதற்கும் மசியாவிட்டால் சமரச மையம், போலீஸும் கோர்ட்டும் கடைசியில் என்று. என் பொறுமைதான் உனக்குத் தெரியுமே. நேரில் பேசுவதை விட்டுவிட்டுத் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தேன், அப்புறம் நேரே வீட்டுக்காரருக்கு எழுதினேன். இரண்டு வீடும் அவருடையதுதானே. அவரோ, சமரச மையத்துல பேசிக்குங்க, யார் மேல தப்போ அவங்க காலி பண்ணட்டும் என்று கையைக் கழுவிவிட்டார்.

அங்கே கூண்டெல்லாம் இல்லையடி, ஒரு மேஜை, சில நாற்காலி, சிரித்த முகமாக ஒரு வக்கீலம்மா, அவ்வளவுதான். நான் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். ஃபிரேம்காரர் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி கேட்டார். நான் முடித்ததும் மெதுவாக, நீங்க சொல்றது நிஜம்தாங்க, ஆனா தினமும் விடியறதுக்கு முன்னாடி கீழேருந்து தொம் தொம்னு ஒரு சத்தம், குழந்தை அலறிட்டு எழுந்துக்குது, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டோம் என்றார். உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா? ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டு வந்து, எனக்கென்று தன் கையால் ஒன்று சுடுவாரே, அந்தப் பெருமையில், அது நான்தாங்க, மாவை ஓங்கி அறைஞ்சாத்தான் ரொட்டி மெத்துன்னு வரும் என்றார். வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பகல் சத்தம் எல்லை மீறியதா என்று வழக்காடித்தான் பார்க்க வேண்டும், விடியும் முன் சத்தம் போடுவதோ விதிப்படியே தப்பு என்று சொன்னார். புகார் கொடுத்தவள் நான், பெட்டியைக் கட்ட வேண்டியவளும் நானா? ஃபிரேம்காரர்தான் காப்பாற்றினார். ஐயோ, யாரும் போக வேணாம், ரொட்டி வாசனை எங்களுக்கும் பிடிக்கும், சத்தம் மட்டும் நின்னா போதும் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டோம், அப்பா எழுந்த பிறகுதான் மேலே சுத்தியல், விடிந்த பிறகுதான் கீழே மாவு. மேல் வீட்டுக்கும் ஒரு ரொட்டி என்று எழுதாமலே முடிவாகிவிட்டது.

நேற்று மத்தியானம் அவர் உன் கல்யாணப் போட்டோவுக்கு அழகாக ஃபிரேம் போட்டுக் கொண்டுவந்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். ஐயா தூங்கறார், சாயங்காலம் வந்து மாட்டறேன் என்று சுத்தியலை வைத்துவிட்டுப் போனார். உன் முகத்தைச் சுவரில் பார்க்கச் சாயங்காலம் வரை என்னால் பொறுக்க முடியவில்லையடி, நானே ஆணியை வைத்து நாலு போடு போட்டேன். ஒப்பந்தத்தை மீறிட்டாங்க, கூப்பிடு அந்த வக்கீலம்மாவை என்று கத்திக்கொண்டே அப்பா ஓடி வந்தார். சுத்தியல் என் கையில். என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், கொஞ்சம் கோணலா இருக்கு என்று சொல்லி உன்னை நேராக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக இருங்கள். உன் பக்கத்து வீட்டில் டிவி அலறுகிறது என்றாயே, மறக்காமல் முதலில் போய்க் கதவைத் தட்டு, கூரையை இடிக்காதே.

சுத்தியலும் கையுமாகப் பிடிபட்ட
உன் அம்மா