புரட்டிய கல்

மார்ச் 4

என் கல்லுப் பைத்தியத்துக்கு,

நலம்தானே? வியாழக்கிழமை உன்னைத் தேடி வந்தேன். நீ மீட்டிங்குக்குப் போயிருப்பதாக ஆய்வுக்கூட வாட்ச்மேன் சொன்னார். சும்மா திரும்ப மனசு வரவில்லை. ஒன்றரை வருஷமாக என்னை விட்டுவிட்டு அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறாய் என்று கடற்கரையில் இறங்கி, நீ நம்பர் போட்டு வைத்திருக்கும் கல்லையெல்லாம் புரட்டினேன். இடுப்பு போச்சு! ஆனால் நீ ஆராய்கிற அந்தக் கைட்டான் பிராணியைப் பார்த்துவிட்டேன். நகத்தளவு உடம்பு, முதுகில் எட்டு ஓடு, கல்லடியில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழகுதான், ஒத்துக்கொள்கிறேன்.

இனிக் கிண்டல் பண்ண மாட்டேன். வீட்டுக்கு வா. பதினைந்தாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்து இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். வராவிட்டால் இனிமேல் கூப்பிட மாட்டேன், சொல்லிவிட்டேன்.

கோபமும் பாசமும் குறையாத,
உன் பல் டாக்டர்

மார்ச் 7

டாக்டர் ஐயாவுக்கு,

புரட்டிய கல்லைத் திருப்பி வைத்தீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

மார்ச் 9

அம்மா தாயே,

கல்லுதானே! அதைத் திருப்பி வேறு வைக்க வேண்டுமா? மெனக்கெட்டு வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? எப்போது வருகிறாய், அதைச் சொல்லு.

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் பதில் எழுதுவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டேன். கைட்டான்களுக்கு வெளிச்சமே ஆகாது. பாதிக்கு மேல் வெயிலில் காய்ந்து செத்துக் கிடந்தன. எல்லாம் ஒன்றரை வருஷமாக நான் அளந்து வளர்ச்சி பார்த்தவை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து ஒவ்வொரு கல்லாகத் திருப்பி வைத்தேன். புரட்டினால் இருந்தபடியே வைக்க வேண்டும். இங்கே முதல் நாள் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

வீட்டிலும் இதே கதைதானே? அலமாரியைத் திறந்தால் சாத்த மாட்டீர்கள். சர்க்கரை டப்பாவில் எறும்பு. என் படிப்பைப் பற்றி உங்கள் அக்காவிடம் ஏதாவது கொளுத்திப் போடுவீர்கள், நான் போய்ப் பூசி மெழுக வேண்டும். கிளினிக்கில் மட்டும் "வாயை மூடிக்கலாம்" என்று எப்படித்தான் சொல்ல வருகிறதோ! உங்களுக்கு வேண்டியது பெண்டாட்டி இல்லை. பின்னாலேயே வந்து மூடி வைக்க ஓர் ஆள்.

நான் வர மாட்டேன். கூப்பிட மாட்டேன் என்றீர்களே, ரொம்ப நல்லது, கூப்பிடாதீர்கள். பிழைத்தவை கல்லடியில் இருக்கின்றன. எனக்கு வேலை இருக்கிறது.

டிக்கெட்டை இதே உறையில் வைத்திருக்கிறேன். எதையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துத்தான் எனக்குப் பழக்கம்.

இப்படிக்கு,
கல்லுப் பைத்தியம்