மூன்று தட்டு

நார்த்தாமலை,
7.9.2025, ஞாயிறு இரவு

அன்புமொழி அக்காவுக்கு,

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். நான் அழகியின் தங்கை இனியா, பதினொன்றாம் வகுப்பு. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்றரை மாதமாக ஞாயிறுதோறும் செல்லில் உங்களோடு கால்பந்து ஆடுவது அழகியக்கா இல்லை. நான்தான்.

ரிசல்ட் வந்த அன்று மருத்துவக் கல்லூரி விடுதியிலிருந்து பெட்டியோடு வந்தவள், செல்லை அணைத்து என்னிடம் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். "அனாட்டமியில போயிருச்சுடி. பாஸான திமிருல அவ வந்து என் கதவ மூணு தட்டு தட்டிட்டு ஓடுறா" என்றாள். ஆட்டத்தில் ஜெயித்தவர் தோற்றவரின் அறைக் கதவை மூன்று முறை தட்டிவிட்டு ஓடுவது உங்கள் வழக்கம் என்று முன்பே சொல்லிச் சிரித்திருக்கிறாள். பரீட்சைக்குமா தட்டுவீர்கள்?

அந்த ஞாயிறு செல்லைத் திறந்தேன். ஆட்டத்துக்கு உங்கள் அழைப்பு வந்தது. எடுக்காவிட்டால் அவளை மறந்துவிடுவீர்களோ என்று தொட்டுவிட்டேன். போர்வைக்குள் பச்சை மைதானம் விரிந்தது. அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

அப்பா, "இந்தக் கருமத்தாலதான் அவ பெயிலானா. இனிமே செல்ல கையில பாத்தேன், கெணத்துலதான் கெடக்கும்" என்கிறார். மறுதேர்வுப் படிவத்தில் 26-ஆம் தேதிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கிட்டுப் போவேன்" என்கிறாள்.

செல்லில் எழுதினால் அவள் பெயரில்தான் வரும், நீங்கள் நம்பமாட்டீர்கள். பதிலை என் பள்ளிக்கூட முகவரிக்குப் போடுங்கள்.

பயத்துடன்,
இனியா

பெண்கள் விடுதி, அறை 14
12.9.2025

அன்பு இனியா,

கிழிக்கவில்லை. அனாட்டமி புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அங்கே யாரும் தேடமாட்டார்கள்.

அன்று ரிசல்ட் வந்ததே எனக்குத் தெரியாது. முந்தின இரவு நான் ஜெயித்த ஆட்டத்துக்காகத் தட்டினேன். துரத்தி வருவாள் என்று மொட்டைமாடியில் ஒளிந்து நின்றேன். வரவேயில்லை. இறங்கி வந்தால் அறை பூட்டியிருந்தது. உங்கள் ஊருக்கே கிளம்ப இருந்தேன். ஞாயிறு ஆட்டத்துக்கு வந்துவிட்டாள், கோபம் தீர்ந்தது என்று தங்கிவிட்டேன்.

உன் மேல் மட்டும் தப்பில்லை. அழகி யாருக்கும் பந்து கொடுக்கமாட்டாள். நீ பந்தியில் பரிமாறுவது போல எல்லோருக்கும் கொடுக்கிறாய். சந்தேகம் வந்தது. மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, 21-ஆம் தேதி, ஒன்பதரைக்கு அழைப்பேன். ஆட்டத்தைத் தொடங்கிச் செல்லை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வா. எதற்காகத் தட்டினேன் என்று அவளுக்கு எழுதிய தாள் இதனுடன் இருக்கிறது. அதையும் வை. நான் கோல் போடமாட்டேன். பந்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். சும்மா கிடக்கும் பந்தைப் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியாது.

உன் அக்கா,
அன்புமொழி

நார்த்தாமலை,
21.9.2025, இரவு

அன்புமொழி அக்கா,

வைத்துவிட்டேன். தாளையும்தான். "என்னடி இது?" என்றாள். "இத்தன நாளு நான்தான்க்கா வெளையாண்டேன்" என்று சொல்லிவிட்டு என் அறைக்கு ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இனிமேல் என்னோடு பேசுவாளா, தெரியவில்லை. அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்கிறது. வெளியே மழை இல்லை. இருபத்திரண்டு பேரும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள் போல. கண்ணை மூடினால் அந்த மைதானம் எங்கள் மலைப்பாறை மேல் விரிந்து கிடக்கிறது. நடுவில் அக்கா, வெள்ளைக் கோட்டுடன், பந்தைக் குனிந்து பார்க்கிறாள்.

இன்னும் மழைதான்.

ஐயோ, கூட்டம் கத்துகிறது! கோல். யார் போட்டது? நீங்கள் போடமாட்டேன் என்றீர்களே.

சத்தம் நின்றுவிட்டது. அப்பா இருமுகிறார். முழித்துவிட்டாரா? யாரோ நடந்து வருகிறார்கள். என் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். அப்பாவாக இருந்தால் இந்தத் தாளை எங்கே

தட்டுகிறார்கள். ஒன்று. இரண்டு. மூன்