சுபாஷினியின் வாயில் பின் இல்லை

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பு மகன் தனஞ்சயனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கடற்காற்றில் ஜன்னல் கம்பிதான் துருப்பிடிக்கிறது, நாங்கள் இல்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, உறங்கி, சிரித்துக்கொண்டு இருப்பாய் என்றே நம்பி எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் சொன்னால் முதல் வரிக்கே வாதாடத் தொடங்குவாய். அதனால் கடிதம். மேல் வீட்டு லுத்பியாவின் தம்பி ஸியாம் செவ்வாய்க்கிழமை லண்டன் வருகிறார், அவர் கையில் வரும்.

உன் நாவலில் சுபாஷினி தானே பேசும் அத்தியாயத்தை வாசித்தேன். ஒரு பெண்ணின் குரலில் எழுத எனக்குத் தகுதி இல்லையோ அம்மா, அச்சுக்குப் போகுமுன் தூக்கிவிடவா என்று கேட்டிருந்தாய். எனக்கு ஒருத்திக்குத் தோன்றுவது போதாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் லுத்பியாவையும், என்னோடு படிப்பித்த கொட்டாஞ்சேனை மேபலையும் கூப்பிட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, சத்தமாக வாசித்தேன். முதல் வேலைநாள். சுபாஷினி சாறி உடுக்கிறாள். கண்ணாடி முன்னால். இடுப்பைப் பார்க்கிறாள், கழுத்தைப் பார்க்கிறாள், கொசுவத்தை மடித்தபடியே தாயோடு நீளமாகக் கதைக்கிறாள். இரண்டு பக்கம். மேபல் கையைத் தூக்கிவிட்டாள். இந்தப் பிள்ளை சாறி குத்துற பின்னெல்லாம் எங்க வச்சிருக்கா எண்டு உன்ட மகனைக் கேளடி என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாறி உடுக்கும் நேரம் எங்கள் எல்லோருடைய வாயிலும் நாலைந்து பின் இருக்கும் ராசா, பல்லுக்கு நடுவில். கதைக்க ஏலாது. உம் என்றுதான் வரும். இடுப்பை யார் பார்த்தது? கொசுவம் ஒரு பக்கம் ஏறிவிட்டதா, பஸ் போய்விட்டதா, அவ்வளவுதான். லுத்பியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடில பார்க்கிறது அவ இல்ல, உங்கட மகன்தான் கதவுக்குப் பின்னால நின்டு பார்க்கிறார் என்றாள். கோபிக்காதே. என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று உடனே சொன்னேன். ஆனால் அவள் சொன்னது சரி.

பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டிருந்த அப்பாவுக்கு நல்ல கொண்டாட்டம். ஆ, இவ மட்டும் திறமோ என்று என் சிறுகதை வந்த சஞ்சிகையைத் தூக்கி வந்துவிட்டார். அதில் மனைவியோடு கோபித்த ஒருவன் கடற்கரையில் நிற்கிறான். அலையைப் பார்த்து, தன் மணவாழ்க்கையை எண்ணி எண்ணி உருகுகிறான். அப்பா அதை உரக்க வாசித்துவிட்டு, உம்மோட கோவிச்சுக்கொண்டு எத்தனை தரம் பீச்சுக்குப் போயிருப்பன், ஒரு நாளும் இப்பிடி யோசிச்சதில்லை, இறால் வச்ச இஸ்ஸோ வடை சூடா இருக்கோ எண்டுதான் பாக்கிறனான் என்றார். மேபல் கதிரையிலிருந்து விழப் பார்த்தாள். அவர் அங்கே வருந்துகிறார் என்று நான் இவ்வளவு காலமும் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தேன். வடை தின்றவருக்கு. பிறகுதான் விளங்கியது. எனக்கு வேண்டிய ஆணை நான் எழுதியிருக்கிறேன். நீ பார்க்க விரும்பிய பெண்ணை நீ எழுதியிருக்கிறாய். இருவருக்கும் ஒரே பிழை. எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது, நீ என் பிள்ளைதான்.

ஆனால் இன்னோர் இடம். கூட்டத்தில் சுபாஷினி சொன்ன யோசனையை மனேஜர் தன்னுடையதாகச் சொல்கிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். அவளும் தட்டுகிறாள். அவனுக்குக் கொடுக்க வேண்டிய பதில் வீட்டுப் படியேறும்போதுதான் அவள் வாயில் வருகிறது. அங்கே நாங்கள் மூவரும் சிரிக்கவில்லை. மேபல் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த வரியை எழுதும்போது நீ அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அவளாக இருந்தாய். ஆகவே அத்தியாயத்தைத் தூக்காதே. கண்ணாடியைத் தூக்கு. தெரியாததைக் கூச்சப்படாமல் கேள். நானும் என் ஆணைக் கையில் வடையோடு திரும்ப எழுதப் போகிறேன், அப்பாவிடம் கேட்டுக் கேட்டு. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

எழுதும் கை சோராமல், நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இன்று காலை லுத்பியா படியில் என்னை மறித்து, அந்தப் புள்ள நாளைக்கும் அந்த வேலைக்குப் போவாவா, மாட்டாவா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, மகனைத்தான் கேட்க வேண்டும் என்றேன். கெதியாக் கேளுங்க என்றாள்.

உன் பதிலுக்கு இரண்டு வீட்டில் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
அம்மா